1,100 ரூபாய்ப் பூசணிக்காய்

நேயர்களே! சந்தையில் 30 ரூபாய்க்கு விற்கிற பூசணிக்காயை 1,100 ரூபாய் கொடுத்து வாங்குகிற மனிதனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "பாவம், வயதாகிவிட்டது" என்று நினைப்பீர்கள். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் உங்களைப் போல் மனத்துக்குள் நினைத்துக்கொண்டு அவள் சும்மா இருக்கவில்லை. வாய்விட்டே சொன்னாள்.

இத்தனைக்கும் நான் ஊதாரி அல்ல. சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், கண்டக்டர் தர வேண்டிய மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்காமல் இறங்காத ஆசாமி. அப்பேர்ப்பட்டவன் ஒரு பூசணிக்காய்க்காக 1,100 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. அந்தக் காரணத்துக்கு வயது நூறுக்கு மேல்!

விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது மஞ்சக்குட்டை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் சேர்வராயன் மலைக்குள் போனால் எங்கள் ஊர். காப்பித் தோட்டங்கள், மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், விடிந்து வெகு நேரம் ஆகியும் போக மனமில்லாமல் நிற்கும் மூடுபனி, இவைதான் இங்கே விசேஷம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், "இனிமேல் சமவெளிப் புழுக்கம் வேண்டாம்" என்று மலைக்கு வந்து சேர்ந்தவன் நான்.

அடுத்த வீட்டில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரே. பள்ளிக்கூட வாத்தியார். கிறிஸ்தவர். மாலை நேரத்தில் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து உலகத்தைச் சீர்திருத்துவோம். ஒரு நாள் அவர், "சார், வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவசியம் வர வேண்டும்" என்றார்.

"நமக்குப் பொங்கல் மாதிரி உங்களுக்கு இதுவா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து கோயிலில் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போடுவோம். ஏலம் பார்க்க ரொம்ப வேடிக்கையாக இருக்கும்" என்றார்.

மனைவிக்கு அன்று முழங்கால் வலி. நான் மட்டும் கிளம்பினேன். வழியில் பேச்சுவாக்கில், "உங்களுடையது எந்தச் சபை, வாத்தியார்?" என்று விசாரித்தேன்.

"இப்போது சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் தாத்தா காலத்தில் கரூர்ப் பக்கம் இருந்தோம். அப்போது நாங்கள் மெதடிஸ்ட். வெஸ்லியன் மிஷன் என்று சொல்வார்களே, அது" என்றார்.

வெஸ்லியன் மிஷன்!

அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டு எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. கடைசியாக அதைச் சொன்னது என் பாட்டி. மலைப் பாதையில் என் கால்கள் ஒரு கணம் நின்றுவிட்டன. "என்ன சார், மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டார் வாத்தியார். "ஆமாம்" என்று சொல்லி வைத்தேன்.

* * *

என் பாட்டி பிறந்த ஊர் அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லா மன்னார்குடி. நான் சிறுவனாயிருந்தபோது, வியாழனோ வெள்ளியோ பத்திரிகை வந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிடுவார்கள். பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்கதையை உரக்கப் படிப்பாள். கதாநாயகி அழ வேண்டிய இடத்தில் பாட்டியின் குரல் தழதழக்கும். வில்லன் வரும் இடத்தில் பல்லைக் கடிப்பாள். "தொடரும்" என்று வந்ததும், "இந்த எழுத்தாளனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கிறதா பார்!" என்று பத்திரிகையை மடித்து வைப்பாள். அந்தத் தெருவில் அவள் வயதுப் பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பாட்டி, உனக்கு யார் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெஸ்லியன் மிஷன் டீச்சரம்மா" என்றாள்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது அது. வெள்ளைப் புடைவை கட்டிய ஒரு தமிழ்க் கிறிஸ்தவ விதவை, கையில் குடையும் தோளில் பையுமாக, வாரத்துக்கு மூன்று நாள் அந்தத் தெருவுக்கு வருவாளாம். எந்த வீட்டுத் திண்ணையில் இடம் கொடுக்கிறார்களோ அங்கே உட்கார்ந்து, நாலைந்து பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பாளாம். வீட்டுக்குள்ளே அழைக்க மாட்டார்கள். தண்ணீர் கேட்டால் தனிச் செம்பில் கொடுப்பார்கள். அவள் அதையெல்லாம் பாராட்டுவதில்லை. பாட்டிக்கு ஒரு கற்பலகை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு வதந்தி கிளம்பிற்று. பக்கத்து ஊரில் படித்த பெண் ஒருத்தி வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். வாஸ்தவமோ பொய்யோ, யாரும் விசாரிக்கவில்லை. மறுநாள் டீச்சரம்மா வந்தபோது பாட்டியின் தகப்பனார் வாசலில் நின்றுகொண்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பையைத் திறந்து, முதல் நாள் திருத்துவதற்காக எடுத்துப் போயிருந்த கற்பலகையைத் திண்ணையில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

"அதோடு அவளைப் பார்க்கவில்லையா, பாட்டி?"

"பார்த்தேனே! அதுதானே வினை!" என்றாள் பாட்டி.

பத்து வருஷம் கழித்து, கல்யாணம் ஆன பிறகு, ராஜகோபாலசுவாமி தேருக்காக வண்டியில் போய்க்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் மாமனார், மாமியார். கூட்டத்தில் அதே குடை. தலை நரைத்துப் போயிருந்தது. ஆனால் டீச்சரம்மா அடையாளம் கண்டுகொண்டாள். கண்டுகொண்டு சிரித்தாள். பாட்டி, மாமியார் ஏதாவது நினைத்துக்கொள்ளப் போகிறாளே என்று பயந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். எனக்கு எழுத்துப் போட்டவளுக்கு ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லையேடா!" என்றாள். தொடர்கதைக்காக அழுத பாட்டியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் கதைக்காக அழுததை அன்று ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

* * *

அந்த டீச்சரம்மாவை அனுப்பி வைத்த சபையார் யார்? பண்டிகை முடிந்த பிறகு வாத்தியாரைக் கேட்டும், அவர் அலமாரியைக் குடைந்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். சரித்திரம் என்றதும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள். தொடர்கதையைவிட இது சுவாரசியமானது.

சுமார் 1729-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி என்னும் சகோதரர்களும் சில நண்பர்களும் சேர்ந்து, இன்ன நேரத்தில் ஜபம், இன்ன நேரத்தில் படிப்பு, இன்ன நாளில் சிறைக் கைதிகளைப் பார்ப்பது என்று அட்டவணை போட்டு நடந்தார்கள். மற்ற மாணவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "முறைக்காரர்கள்" என்ற அர்த்தத்தில் "மெதடிஸ்ட்" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது!

1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் கோயில் கட்டின கடன் கழுத்தை நெரித்தது. அப்போது ஒரு யோசனை பிறந்தது. பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரைப் போட்டு, வாரம் தலைக்கு ஒரு பென்னி வசூலிப்பது. தலைவர் வீடு வீடாகப் போனார். போன இடத்தில் காசு மட்டுமா கண்ணில் படும்? யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் தெரிந்தன. கடன் அடைக்க வந்த ஏற்பாடு, ஒருவரையொருவர் கவனிக்கும் ஏற்பாடாக மாறிற்று. நம் நாட்டுச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. பென்னி அங்கே, பிடி அரிசி இங்கே. பெரிய காரியங்களெல்லாம் இப்படிச் சின்னக் காசில்தான் நடந்திருக்கின்றன.

கடல் கடந்து அவர்கள் வந்த கதைதான் உருக்கமானது. டாக்டர் தாமஸ் கோக் என்பவர் வெஸ்லியின் வலது கை போன்றவர். 66 வயதில் அவருக்கு இலங்கைக்குப் போக வேண்டும் என்று ஆசை. சபையாரோ செலவை நினைத்துத் தயங்கினார்கள். "என் சொந்தப் பணம் இருக்கிறது" என்று சொல்லி, ஆறு இளம் பாதிரிகளை அழைத்துக்கொண்டு 1813-ம் ஆண்டுக் கடைசியில் கப்பல் ஏறினார். அந்த அறுவரில் வில்லியம் ஆல்ட் என்பவருடைய மனைவி வழியிலேயே காலமானாள். 1814 மே 3-ம் தேதி காலையில் டாக்டர் கோக்கின் அறைக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. உள்ளே அவர் உயிரற்றுக் கிடந்தார். அவரை இந்து மகா சமுத்திரத்தில் அடக்கம் செய்தார்கள்.

தலைவர் போய்விட்டார். பணமெல்லாம் அவர் பெயரில். முன்பின் தெரியாத தேசம். பம்பாயில் இறங்கி, அங்கே ஒரு நல்ல மனிதரின் உதவியைப் பெற்று, 1814 ஜூன் 29-ல் அவர்கள் காலியில் கரையிறங்கினார்கள். ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் போனார்கள். மனைவியைக் கடலுக்குக் கொடுத்த ஆல்ட், தன்னந்தனியாக மட்டக்களப்புக்குப் போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார். எட்டே மாதம். 1815 ஏப்ரலில் அவரும் இறந்துபோனார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814-ஐத்தான் இன்றும் தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்கிறது.

லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். சென்னையிலிருந்து மன்னார்குடி, கரூர், தாராபுரம் என்று அந்தச் சபை பரவியது. இராயப்பேட்டையில் வெஸ்லியின் பெயரால் கோயிலும் பள்ளியும் இன்றும் இருக்கின்றன.

* * *

"இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை. எங்கள் மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நானும் வாத்தியாரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னார்: பீட்டர் பெர்சிவல்.

1826-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மெதடிஸ்ட் பாதிரியார் இவர். அங்கே இருந்த மிஷன் பள்ளியை 1834-ல் மத்தியப் பள்ளியாக உயர்த்தினார். தமிழைப் பேச மட்டுமல்ல, ரசிக்கவும் தெரிந்தவர். கிணற்றடியிலும் சந்தையிலும் ஜனங்கள் பேசுகிற பழமொழிகளைச் சேர்த்து 1843-ல் ஒரு புத்தகம் போட்டார். 1874-ல் சென்னையில் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள்! நம் வீட்டுப் பாட்டிமார் வாயில் இருந்ததை, அது கையைவிட்டுப் போகும் முன்பே ஓர் அந்நியர் எழுதி வைத்துவிட்டார்.

அவருடைய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆன ஒரு வாலிபர், வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். அந்த வாலிபர் யார் தெரியுமா? சாட்சாத் ஆறுமுக நாவலர்! பகல் முழுவதும் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளுக்குத் தமிழ் வார்த்தை தேடியவர், நெற்றியில் திருநீற்றைக் கலைக்கவே இல்லை. 1848-ல் வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென்று தாமே பள்ளிக்கூடம் வைத்தார். அச்சுக்கூடம் வைத்தார். பாலபாடம் எழுதினார். 1877 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு வார்த்தார். மிஷனரிகளை எதிர்த்துக் கண்டன நூல்களும் எழுதினார்.

இங்கே ஒரு கேள்வி எழும். மெதடிஸ்ட் பாதிரிமார் எதற்காகப் பள்ளி வைத்தார்கள்? மதத்தைப் பரப்புவதற்காகத்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை, அவர்களும் மறைக்கவில்லை. என் கொள்ளுத் தாத்தா பயந்ததில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்து என்பது ஒரு விசித்திரமான தானம். கொடுத்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் போய்விடுகிறது. வாங்கினவன் அதை வைத்துக்கொண்டு தேவாரமும் படிக்கலாம்; கொடுத்தவனை எதிர்த்துக் கண்டனமும் எழுதலாம்; தொடர்கதை படித்துக் கண்ணீரும் விடலாம். இது தெரிந்த பிறகும் அவர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெர்சிவலின் பைபிள் 1850-ல் சென்னையில் அச்சாயிற்று. ஆனால் தமிழ்ச் சபைகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிற்பாடு அவரும் மெதடிஸ்ட் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். சென்னைக்கு வந்து ராஜதானிக் கல்லூரியில் ஆசிரியரானார். "தினவர்த்தமானி" என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து சி. வை. தாமோதரம் பிள்ளையை வரவழைத்து அதற்கு ஆசிரியராக்கினார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய அதே தாமோதரம் பிள்ளைதான்!

கடைசிக் காலத்தில் பெர்சிவல் எங்கே வந்தார் என்கிறீர்கள்? இங்கேதான். எங்கள் சேர்வராயன் மலைக்கு. 1882-ல் ஏற்காட்டில் அவர் கண்ணை மூடினார். அவருடைய மகளை மணந்தவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் ஆயுதத்தைக் கண்டெடுத்து, நம் தேசத்தின் வயதையே கூட்டிவிட்டாரே, அவர்தான். அவரும் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். அவருடைய நினைவுக் கல் ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் இருக்கிறது. மாமனார் மண்ணின் மேலே புழங்கிய வார்த்தைகளைப் பொறுக்கினார். மாப்பிள்ளை மண்ணுக்குள்ளே புதைந்த கற்களைப் பொறுக்கினார்!

* * *

பெரிய பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் குடைக்கார டீச்சரம்மாவை மறுபடியும் வாசலிலே நிறுத்தினதாகிவிடும். ஒரு சபை என்பது பாதிரியார் மட்டுமல்ல. பெயர் தெரியாத நூறு பேர் சேர்ந்ததே சபை.

தாது வருஷப் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளைக் கரூரில் இந்தச் சபையார் எடுத்து வளர்த்து, தச்சு வேலை முதலிய கைத்தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவர்கள் யார்? திருவள்ளூருக்கு அருகே ஈக்காட்டில் ஆஸ்பத்திரி வைத்தார்கள். ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக் கூலிக்கு வழி செய்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் முதல் ஊசியைப் பிடித்துக் காட்டியவள் யார்? மன்னார்குடி பின்லே பள்ளியில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் படித்தார்கள். முதல் மணியை அடித்தவர் யார்? ஒருவர் பெயரும் கல்லில் இல்லை.

பெயர் தெரிந்த ஒரு காரியமும் சொல்கிறேன். சென்னை மயிலாப்பூரில் கல்யாணி ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. என். சுப்பிரமணியம் என்ற பாரிஸ்டர் கிறிஸ்தவரானவர். அவர் தம் தாயார் கல்யாணியின் நினைவாகப் பணம் கொடுக்க, வெஸ்லியன் மிஷனார் 1909-ல் தொடங்கினார்கள். தாய் பெயரைப் பிள்ளை மறக்கவில்லை; அவர் வைத்த பெயரைச் சபையும் மாற்றவில்லை.

ஆனால் அந்தச் சபை தன் பெயரையே விட்டுக் கொடுத்தது! 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்ட் சபையும், ஏற்கெனவே ஒன்று சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் கலந்து, தென்னிந்தியத் திருச்சபை ஆயின. 130 வருஷம் பழகிய பெயரை ஒரு நாளில் கழற்றி வைத்தார்கள். அமெரிக்கர் வழியாக வந்த மெதடிஸ்ட் சபை நம் நாட்டில் தனியாக இருக்கிறது. இலங்கையிலும் மெதடிஸ்த திருச்சபை அந்தப் பெயரோடேயே இருக்கிறது. ஆனால் அங்கே 1960-ல் பள்ளிகளை அரசாங்கம் ஏற்றபோது, பெர்சிவல் வளர்த்த யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியும் சபையின் கையை விட்டுப் போயிற்று. பள்ளி மட்டும் நிற்கவில்லை. இன்றும் மணி அடிக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? பெர்சிவல் மெதடிஸ்ட் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார். அப்போது எத்தனை பேருக்கு வருத்தமோ, எத்தனை வீட்டில் பேச்சோ! அவர் இறந்து 65 வருஷத்தில் இரண்டு சபையும் ஒன்றாகிவிட்டன. ஏற்காட்டில் அவர் மாப்பிள்ளையின் கல் இருக்கிற ஆலயத்தில் இன்றைக்கு அந்த இரண்டு வீட்டாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் பல சண்டைகளுக்கு அவசியமே இல்லை போலிருக்கிறது.

* * *

இப்போது பூசணிக்காய்க்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா?

அன்று ஆராதனை முடிந்தது. கோயிலுக்கு வெளியே பாய் விரித்துப் பொருள்களை அடுக்கினார்கள். பலாப்பழம், சௌசௌ, வாழைத்தார், மிளகு, காப்பிக்கொட்டை, முட்டை, கால் கட்டிய ஒரு சேவல். ஏலத்தில் ஒரு தமாஷ் என்னவென்றால், கேட்கிறவர்களுக்குப் பொருள் வேண்டாம். விலை ஏற வேண்டும், அவ்வளவுதான். வாங்கினவரே மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அந்தச் சேவல் மூன்று தடவை விலைபோயிற்று. அது விழித்த விழி இருக்கிறதே!

கடைசியில் ஒரு பூசணிக்காய் வந்தது. கொண்டுவந்தவள் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த கிழவி. கூரைமேல் காய்த்த முதல் காயாம். தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்திருக்கிறாள். ஓர் ஓரமாக நின்று, தன் காய் என்ன விலை போகிறது என்று வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஏலப் பணம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க. எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்கிற வழக்கம் கிடையாது" என்று அறிவித்தார்கள்.

"ஐம்பது" என்றார் ஒருவர். "நூறு" என்றார் மற்றொருவர்.

எனக்கு அந்தப் பாயில் நோட்டுப் புத்தகம் தெரியவில்லை. திண்ணையில் வைக்கப்பட்ட ஒரு கற்பலகை தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐநூறு" என்றேன். யாரோ "அறுநூறு" என்றார்கள். விடுவேனா? ஏறிக்கொண்டே போய், "ஆயிரத்து நூறு" என்றதும் கூட்டம் கைதட்டிவிட்டது.

பூசணிக்காயை வாங்கப் போனபோது அந்தக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயில் ஒரு பல்கூட இல்லை. நேயர்களே, நான் முகத்தைத் திருப்பவில்லை. நானும் சிரித்தேன். நன்றாக, நாலு பேர் பார்க்கும்படியாகச் சிரித்தேன். பாட்டிக்கும் சேர்த்துச் சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்பது உங்களுக்கு முன்னமே தெரியும். மனைவி பேசி முடிக்கும் வரையில் காத்திருந்துவிட்டு, பாட்டியின் கதையை அவளுக்குச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்து பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் கூட்டு தயாராயிற்று. ஒரு பாத்திரம் வாத்தியார் வீட்டுக்கு, ஒரு பாத்திரம் அந்தக் கிழவிக்கு என்று தனித்தனியே மூடி வைத்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "ஏங்க, அடுத்த வருஷம் அந்தப் பண்டிகை எப்போது வருமாம்?" என்று கேட்டாள்.

"எதற்கு?" என்றேன் பயந்துகொண்டே.

"முழங்கால் வலித்தாலும் நானே வருகிறேன். உங்களுக்கு ஏலம் கேட்கவே தெரியவில்லை. அந்தக் காய்க்கு ஐயாயிரம் கேட்டிருக்க வேண்டாமோ?" என்றாள்.